ஜன்னலோரக் கட்டில்

ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று நாள் ஆலோசனைக்கும் ஒரு நாள் மௌனத்துக்கும் பிறகு, இந்த அறையில் ஜன்னலோரக் கட்டில் உன் அம்மாவுக்கு, சுவரோரக் கட்டில் எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. ஒரு தரப்பைக் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருஷமாக நம் வீட்டு நடைமுறை அதுதான்.

இல்லத்து மேனேஜர் வந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் முகம் சுளித்தார். இங்கே சுவரோரம் நோயாளிக்கு, ஜன்னலோரம் கூட வந்த துணைக்கு. தலைமாட்டில் முறையே சிவப்பு அட்டை, பச்சை அட்டை என்று தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் அம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். "எந்த ஸ்கூல்லயாவது ஹெட்மிஸ்ட்ரஸ் மேசையைச் சுவத்துப் பக்கம் போட்டுப் பார்த்திருக்கீங்களா?" என்றாள். நான் பார்த்ததில்லை. விஷயம் அதோடு முடிந்தது.

பயணம் சுகம். வயதானவர்களை வெளிநாட்டு இல்லங்களுக்கு ஏற்றுமதி செய்வது வளர்ந்துவரும் தொழில் போலிருக்கிறது. நாங்கள் சேதமில்லாமல் வந்து இறங்கினோம். உனக்கு இதில் இன்னும் வருத்தம் இருக்கிறது, தெரியும். கணக்கை மட்டும் பார். ஊரில் பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் வைத்ததில் என் பென்ஷன் மாதத்தில் பத்தொன்பது நாளைக்குத்தான் வந்தது. மீதி நாட்களில் அம்மா எல்லாவற்றையும் தானே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவளால் முடியவில்லை. இங்கே மூன்றில் ஒரு பங்குதான் செலவு. நர்ஸ், மருந்து, சாப்பாடு, வாரம் ஒரு தரம் நகம் வெட்டுவது எல்லாம் சேர்த்து.

அம்மாவின் மறதியைப் பற்றி மூன்று வருஷமாக உன்னிடம் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியையும் நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். போனில் அவள் பேசுகிற அழகுக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

என் காது போனுக்கு ஒத்துவரவில்லை. அதனால் கடிதம். பேரன்களுக்கு ஆசிகள்.

அப்பா

ஏப்ரல் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டில் விவகாரத்தை ஆபீஸில் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர், யாரோ காப்பீட்டுப் பணம் கேட்டுப் பெரிய பொய்யாக எழுதியிருக்கிறார் என்று நினைத்து அவரும் கேட்டு வாங்கிப் படித்தார். பதினேழு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, யார் காப்பீட்டு மனு நிஜம், யாருடையது கதை என்று பிரித்துப் பிரித்து எனக்கு உலகமே இரண்டு தட்டாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அரை மணி பேசினேன். அப்பா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள்? தண்ணீர்க் குழாய் ஒழுகுவது முதல் மேனேஜரின் இலக்கணம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு குறை வைத்திருக்கிறாள். "உங்கப்பாதான் பாவம்டி. கண்ணாடியைத் தலையில மாட்டிக்கிட்டு வீடெல்லாம் தேடறாரு. நான் ஒண்ணும் சொல்றதில்ல, மனசு கஷ்டப்படுவாரு" என்றாள்.

உங்கள் பஸ் அட்டவணை வேலையிலிருந்து ஓய்வு கிடைத்த பிறகாவது கொஞ்சம் நேரத்துக்குத் தூங்குங்கள். மாதப் பணத்தில் என் பாதியை அனுப்பிவிட்டேன். பெரியவனுக்குக் கல்லூரிக் கட்டணம் வந்திருக்கிறது; அதைப் பற்றி எழுதினால் அழுகை வரும்.

அன்புடன்,
பாப்பா

மே 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்தக் கண்ணாடி அம்மாவுடையது. அதை என் தலையில் மாட்டியவளும் அவள்தான்.

வந்த இரண்டாம் வாரம் மாத்திரை சுவரோரக் கட்டிலுக்கு வந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நர்ஸ் பெண்ணிடம் சிவப்பு அட்டையைக் காட்டி, ஜன்னலைக் காட்டி, சைகையில் விளக்கினேன். அவள் புன்னகையோடு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மேனேஜரிடம் போனேன். இந்த மொழியை நான் வாசிப்பேன். பேச வேண்டுமென்றால் முப்பது வருஷம் அதைப் பள்ளிக்கூடத்தில் நடத்திய உன் அம்மாதான் கதி. மூன்று நிமிஷம் என் தரப்பை ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அம்மா அதை ஒரே வாக்கியத்தில் மொழிபெயர்த்தாள். மேனேஜர் நன்றி சொன்னார். "என்ன சொன்ன?" என்று வெளியே வந்து கேட்டேன். "சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதைத்தான்" என்றாள்.

அடுத்த நாள் மேனேஜர் கோப்பைத் திறந்து டாக்டர் சான்றிதழைக் காட்டினார். விமானத்தில் அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று காகிதங்களை அவள் மடியில் கொடுத்திருந்தேன். தப்பு என்னுடையது. நோயாளி என்ற இடத்தில் தன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, என் பெயரை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறாள். 'திருமதி'யையும் விடாமல் 'திரு' ஆக்கியிருக்கிறாள். ஓய்வுபெற்றுப் பதினாறு வருஷமாகியும் கைப்பையிலிருந்து எடுக்காத ரப்பர் ஸ்டாம்பைக் கீழே குத்தியிருக்கிறாள். முத்திரை விழுந்த தாளை எந்த ஆபீஸும் சந்தேகப்படுவதில்லை. நானும் ஒரு ஆபீஸில்தான் இருந்தேன்; முப்பத்தோரு வருஷம், எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதினேன். என் அட்டவணையை எல்லோரும் நம்பினார்கள், பஸ்ஸைத் தவிர.

நீ உடனே இவர்களுக்கு எழுதிவிடாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீட்டில் தினமும் காலையில் எழுந்ததும் இது எந்த இடம் என்று தெரியாமல் அம்மா அழுவாள். உனக்குச் சொல்லாத பாதி அது. இங்கே வந்து என்னைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்ததிலிருந்து அழவில்லை. ஒரு நோட்டில் என்னைப் பற்றி எழுதுகிறாள்: பல் தேய்த்தார், தேய்க்கவில்லை, நடத்தை பரவாயில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டேனா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள். நல்ல மாத்திரை, மத்தியானம் வரை தலைக்குள் பஞ்சு.

செப்டம்பரில் அரையாண்டு ஞாபகப் பரிசோதனை வரும். அதில் நான் பாஸ் செய்துவிடுவேன். அதுவரை இப்படியே போகட்டும்.

அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். தவறு நடந்திருக்கிறது என்கிறீர்கள், திருத்தாதே என்கிறீர்கள். என் மேசைக்கு இப்படி ஒரு மனு வந்தால் எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியாது.

இல்லத்தின் மாத அறிக்கையும் வந்தது. "நோயாளி தமக்கு நோய் இல்லை என்றும், மனைவிக்கே நோய் என்றும் திரும்பத் திரும்பக் கூறுகிறார். இந்நிலையில் இது இயல்பே." உங்கள் கைபேசியை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்களாம், நோயாளிகள் வைத்துக்கொள்ளக் கூடாதாம். உங்களுக்குத்தான் நோய் என்று அம்மாவும் சொல்கிறாள். அழாமல் சொல்கிறாள், அதுதான் என்னைக் குழப்புகிறது.

நம் ஊர் டாக்டரின் கிளினிக்குக்கு போன் செய்து பழைய சான்றிதழின் நகல் கேட்டேன். நோயாளியின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நோயாளி யார் என்று கேட்டேன். அதைச் சொல்லவும் நோயாளியின் சம்மதம் வேண்டுமாம். இரண்டு பேருடைய கையெழுத்தும் வாங்கிவிடலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு என்னடி வியாதி, நான் எதுக்குப் போடணும்?" என்று வைத்துவிட்டாள்.

அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று கேள்வி கேட்கிறேன். என் வீட்டு வாசல் கதவு என்ன நிறம்? என் கல்யாணம் என்ன கிழமை? நான் எத்தனாம் வகுப்பில் கையை உடைத்துக்கொண்டேன்? பதில் எழுதுங்கள். நான் யாரையாவது நம்பியாக வேண்டும்.

பாப்பா

ஆகஸ்ட் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று நாள் ஆலோசனைக்கும் ஒரு நாள் மௌனத்துக்கும் பிறகு, இந்த அறையில் ஜன்னலோரக் கட்டில் உன் அம்மாவுக்கு, சுவரோரக் கட்டில் எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. இதை ஏற்கெனவே எழுதினேனோ? ஜூலையில் மாத்திரையை வேளைக்கு இரண்டாக்கிவிட்டார்கள். பேனாவைத் திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கிறது.

கதவு பச்சை. நான்தான் நின்று பெயிண்ட் அடிக்க வைத்தேன். கல்யாணம் புதன்கிழமை. கை உடைந்தது ஐந்தாம் வகுப்பில். என் பஸ் தாமதமாக வந்ததால் நீ சுவர் ஏறிப் பார்த்தாய். வெகுநாள் வரை அதற்காக நான் பஸ்ஸைத்தான் குறை சொன்னேன், என் அட்டவணையை அல்ல.

அம்மா காலையில் கூடத்தில் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி வருகைப் பதிவு எடுக்கிறாள். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. போன மாதம் காலமான ஒருவருக்கு இன்னும் 'வரவில்லை' என்று குறிக்கிறாள்; பெற்றோரை வரச்சொல்ல வேண்டும் என்கிறாள். ஊழியர்கள் இதை விளையாட்டு என்று கைதட்டுகிறார்கள்.

நேற்று நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருக்கு எழுதறீங்க?"

"பாப்பாவுக்கு."

"உங்க பொண்ணா? எத்தனாவது படிக்கறா?"

"படிச்சு முடிச்சிட்டா."

"நல்லது. உங்க வீட்டுக்காரம்மா உங்களைப் பார்க்க வர்றதே இல்லையே?"

"வருவாங்க" என்றேன்.

"வந்தா என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க. உங்க நடத்தையைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றாள். பிறகு என் போர்வையைச் சரி செய்துவிட்டு ஜன்னலோரம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாப்பா, நான் நினைத்தது தப்பு. பரிசோதனையில் நான் தேறமாட்டேன், மாத்திரை விடாது. தேறாவிட்டால் என்னை நோய் முற்றியவர்கள் இருக்கும் இரண்டாம் மாடிக்கு அனுப்புவார்கள். அங்கே துணை தங்க முடியாது. அம்மா தனியாகிவிடுவாள், அவளுக்கு நோய் இருப்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் உன் கையெழுத்துக்குக் காகிதம் அனுப்புவார்கள். போடாதே. ஒரு தரம் நேரில் வா. எங்கள் அறையில் ஒரு மணி நேரம் உட்கார். போதும்.

அப்பா

செப்டம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

பரிசோதனை முடிவு வந்தது. முப்பதுக்குப் பதினொன்று. கேள்விகள் கஷ்டமாக இருந்ததாகவும், பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குத் தைரியம் சொன்னதாகவும் அம்மா சொன்னாள்.

எங்கள் வாசல் கதவு நீலம். இரண்டு வருஷத்துக்கு முன்பு மாற்றினோம். உங்களிடம் சொன்னேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. மற்ற இரண்டும் சரி. ஆனால் ஏப்ரல் கடிதத்தையும் ஆகஸ்ட் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கட்டில் விவரம் ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே இருக்கிறது. அப்பா, இது என் தொழில். பகலெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். வருகைப் பதிவைப் பற்றி மேனேஜரிடம் கேட்டேன்; அம்மா எல்லாரையும் உற்சாகமாக வைத்திருப்பதாகப் பாராட்டுகிறார்.

நேரில் வரத்தான் நினைத்தேன். லீவு கிடைத்தது. இந்த மாதம் ஒரு டிக்கெட் எடுக்கத்தான் கையில் பணம் இருந்தது. துணைக்கு இனி அங்கே இடம் இல்லை என்பதால் அம்மாவை இங்கே வரவழைப்பதுதான் சரி என்று பட்டது. உங்களைப் பார்க்க டிசம்பரில் வருகிறேன், நிச்சயமாக.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரவு முழுக்க யோசித்துத்தான் போட்டேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாடியில் நல்ல காற்று வரும் என்றார்கள். கடிதம் எழுத உங்களுக்குத் தாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா இருபத்தொன்றாம் தேதி புறப்படுகிறாள். இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். முதல் இடத்தில் ஆறு மணி நேரம், அடுத்ததில் நாலு. பாஸ்போர்ட்டும் பணமும் என் விலாசமும் அவள் கைப்பையிலேயே இருக்கின்றன. துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று விமானக் கம்பெனி கேட்டது. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜன்னலோர இருக்கை கேட்டாள், கிடைத்துவிட்டது.

அன்புடன்,
பாப்பா