நீ தோற்றது அந்த ஒரு நொடியில் இல்லை

காவலூர்
மார்கழி 15

அன்புள்ள மஞ்சுவுக்கு,

இங்கே குளிர் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது, அதைத் தவிர எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் மூக்கு வீக்கம் வற்றி, நீ வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் அரையிறுதி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் அப்புறம் பேசறேன்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மூடி வைத்தாலும் உன் அறையிலேயேதான் கிடக்கும். அப்பாவுக்கு வண்டி ஓட்டம் பரவாயில்லை, சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கும் வாணியம்பாடிக்கும் போய்வருகிறார். எங்கள் அரவை நிலையத்தில் கல் பிரிக்கும் மிஷின் நின்றுபோய் நாலு நாளாக எல்லோரும் முறத்தில் புடைக்கிறோம், எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. நீ குத்துச்சண்டை மேடையில் மூன்று சுற்று எப்படி நிற்கிறாய் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கும்பிட்டதால்தான் தோற்றேன், பொங்கலுக்கு வந்துவிடுகிறேன், திரும்பிப் போகமாட்டேன், ஜனவரி இருபத்துநாலாம் தேதி அணித் தேர்வுக்கு என் பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று நீ அனுப்பியதைப் படித்தேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆட்டத்தை நான் ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. ஊரே போனில் பார்த்த பத்து நொடி வீடியோவைத்தான் நானும் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் உன் கால் அந்த நீலச் சட்டைக்காரியின் காலை மிதிக்கிறது, உன் வலது கையுறை சட்டென்று அவள் முழங்கால் பக்கம் இறங்கி, தொட்டு, உன் கண்ணுக்குப் போகிறது, அதற்குள் அவள் இடது கை உன் மூக்கில் வந்து இறங்குகிறது. நடுவர் எட்டு வரைக்கும் எண்ணுகிறார். அதற்குப் பாட்டுப் போட்டுச் சிரித்தவர்களை விடு, அவர்களுக்கு வேறு வேலை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது பாராட்டியவர்களைப் பார்த்துத்தான். நம்ம குடும்பக் குழுவில் கைகூப்பும் படமாக வந்து விழுந்தது. தோத்தாலும் மரியாதைய வுடல பாருன்னு ஒருத்தர், தாய் வளத்த வளப்புன்னு இன்னொருத்தர். நாலு வயதில் நீ என் கணக்குப் புத்தகத்தை மிதித்தபோது முதுகில் ஒன்று வைத்துத் தொட்டுக் கும்பிட வைத்தவள் நான்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும். என் பிள்ளையை நானே கையைக் கட்டி அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது.

அப்புறம்தான் முழு ஆட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன், ஒருமுறை இல்லை, பத்துப் பன்னிரண்டு முறை. பிஎஸ்ஸி கணக்குப் படித்ததற்கு இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒரு பிரயோஜனம். அவள் இடக்கைக்காரி, அதனால் அவளுக்கு வலது கால் முன்னால், உனக்கு இடது கால் முன்னால், இரண்டும் நேருக்கு நேர் மோதுகிற மாதிரி நிற்கின்றன. ஆனால் எதற்காக நீ முதல் சுற்றில் அவ்வளவு அழகாக அடித்துவிட்டு இரண்டாம் சுற்றில் கயிற்றோரம் போனாய் என்று படத்தைப் பார்த்து எனக்குப் புரியவில்லை. வசந்தி சித்திக்கு இடது கைப் பழக்கம்தானே, அவளை முற்றத்துக்குக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டோம். கல்யாணமாகி வந்த புதிதில் பந்தியில் இடது கையால் பரிமாறிவிட்டு வாங்கிய திட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு, இந்தக் கைக்கு இப்பத்தாங்க்கா ஒரு வேலை வந்துச்சுன்னு சொன்னாள். தசரதன் சித்தப்பா உள்ளே வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, இன்னா, வூட்ல ரெண்டு பேருக்கும் சண்டையா, நான் டீ குடிச்சுட்டு வரட்டுமான்னு கேட்டுவிட்டு நிஜமாகவே போய்விட்டார். நான் காலை எட்டி வைத்தேன், அவள் பாதத்தின் மேல் பட்டது. பட்டதும் நான் குனிந்துவிட்டேன், அவளும் ஐயோ அக்கா என்று என்னைத் தொடக் குனிந்துவிட்டாள், இரண்டு மண்டையும் முட்டிக்கொண்டன. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த முறை நின்றபோது பார்த்தால் நான் காலை எட்டி வைக்கவே இல்லை. அவள் கால் என் காலுக்கு வெளிப்பக்கம் வரும்போதெல்லாம், பட்டுவிடப் போகிறது என்று என் கால் தானாக ஒரு சாண் பின்னால் போனது. பின்னால் போனதும் என் வலது கை அவளுக்கு எட்டவில்லை, அவள் இடது கைக்கு என் முகம் திறந்து கிடந்தது.

உள்ளே ஓடிப்போய் மறுபடி படத்தைப் போட்டேன், இந்த முறை உன் முகத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்தேன். முதல் சுற்றில் அவள் நேராகவே வந்தாள், கால் உரசவில்லை, நீ ஜெயித்தாய். இரண்டாம் சுற்றில் அவள் முன்காலை உன் காலுக்கு வெளியே வைக்க ஆரம்பித்தாள், நீ பதினோரு முறை காலை இழுத்துக்கொண்டாய். பதினோரு முறை, மஞ்சு. ஒவ்வொரு முறையும் ஒரு சாண் இடம் கொடுத்தாய், இடம் தீர்ந்ததும் கயிறு வந்துவிட்டது. மூன்றாம் சுற்றில் நீ கும்பிட்டதை எல்லோரும் பார்த்தார்கள், நீ விட்டுக்கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் ஜெயித்தது நியாயம்தான், அவள் நன்றாக யோசித்து விளையாடினாள், அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதமாட்டேன். ஆனால் எட்டு எண்ணி முடித்த பிறகு நாற்பது நொடி இருந்தது. அந்த நாற்பது நொடியை நீ திரும்பப் பார்த்தாயா? மூக்கில் இரத்தத்தோடு வந்து நீ முன்காலை அவள் காலுக்கு வெளியே ஊன்றினாய், ஒருமுறை மிதித்தும் விட்டாய், குனியவில்லை, மூன்று முறை உன் வலது கை நேராகப் போய் விழுந்தது. ஐந்து நடுவர்களில் இரண்டு பேர் உன் பக்கம் எழுதியது அதற்குத்தான். ஒரு நிமிஷம் முன்னால் அந்தக் காலை ஊன்றியிருந்தால் மூன்றாவது ஆளும் எழுதியிருப்பார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு உன்னை வா என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. நானும் எம்எஸ்ஸி சேர வேலூருக்குப் பை எடுத்து வைத்துவிட்டு, அண்ணன் வாசலில் நின்றார் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டவள்தான். என்னை யாரும் அடிக்கவில்லை, அதனால்தான் நான் தோற்றதே எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

அந்த அண்ணன்தான், உன் ரங்கசாமி மாமா, போன ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலத்திலிருந்து வந்தார். கையில் சுருட்டிய ஒரு பேனர். விரித்தால் பத்தடிக்கு நீ, கையுறையைக் கண்ணில் வைத்துக்கொண்டு. மேலே, தோற்றாலும் பண்பாடு காத்த வீரமங்கையே வருக என்று எழுத்து. நீ வரும் அன்றைக்கு பஸ் நிற்கிற இடத்தில் கட்டப்போகிறாராம். அதோடு கலசப்பாக்கத்தில் ஒரு வரன், அரிசி மண்டிக்காரர்கள், அந்தப் பத்து நொடியைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கேட்டு வந்தார்களாம். இவ்ளோ மரியாதை தெரிஞ்ச பொண்ணு இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்னு அவங்க சொல்றாங்க ராஜி, தோத்ததுல கூட ஒரு நல்லது பாரு என்றார். அவர் கெட்டவர் இல்லை, உன் முதல் கையுறை அவர் வாங்கிக் கொடுத்தது, அதையும் நான் மறக்கவில்லை. அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனரை அவர் கையிலிருந்து இழுத்தேன், இழுத்த வேகத்தில் என் கால் அவர் காலை நன்றாக மிதித்துவிட்டது. என் கை கீழே கிளம்பிவிட்டது, மஞ்சு. பாதி வழியில் நிறுத்தினேன். அப்படி நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது, உன்மேல் வைத்திருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் அங்கேயே போய்விட்டது. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "அவ கும்பிட்டதுக்குப் பேனர் அடிச்சிருக்கீங்கண்ணா. அவ அடிச்சதுக்கு எங்க பேனர்? மஞ்சு பொங்கலுக்கு வரமாட்டா. தேர்வு முடிஞ்சுதான் வருவா. கலசப்பாக்கத்துக்கு நீங்களே சொல்லிடுங்க." சொல்லி முடித்த பிறகுதான் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் தன் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா ராஜி, மிதிச்சுட்டு இவ்ளோ நேரம் கழிச்சா கும்புடுவாங்க?" என்றார். "பேச்சு முடியலண்ணா" என்றேன். வசந்தி சமையலறையில் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள், சிரிப்பை அடக்கத்தான். அப்பா எழுந்து பேனரைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக வழவழவென்று இருந்தது. இப்போது முற்றத்தில் அதன் மேல்தான் சாமை காய்கிறது. உன் முகம் தரையைப் பார்த்து இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

உன்னைக் கேட்காமல் நீ வரமாட்டாய் என்று சொன்னது தப்புதான், அதற்கு உன் காலைத் தொடச் சொன்னாலும் தொடுகிறேன். உன் உடம்பு, உன் வலி, வருவதும் இருப்பதும் உன் முடிவு. கை ஓய்ந்துபோய் வருகிறாய் என்றால் வா, உனக்குப் பிடித்த சாமைப் பொங்கல் வைக்கிறேன், ஒரு கேள்வி கேட்கமாட்டேன். ஆனால் கும்பிட்டதால் தோற்றேன் என்ற பொய்யான காரணத்தைத் தூக்கிக்கொண்டு வராதே, அதை இறக்கிவைக்க இந்த வீட்டில் இடம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடு என்றும் எழுதமாட்டேன். தொட்டுக் கும்பிடு, தாராளமாகக் கும்பிடு, மணி அடித்த பிறகு. பேரை எடுக்கச் சொன்னதைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று நாளைக்கே உன் பயிற்சியாளரிடம் கேள், பொங்கலுக்குப் போட்ட டிக்கெட்டை என்ன செய்வது என்று பிறகு யோசி. சாமை மாவும் குதிகால் வெடிப்புக்கு மருந்தும் பார்சலில் வருகிறது, மருந்தை ராத்திரி தடவிக் காலுறை போட்டுக்கொள், அந்தக் காலுக்கு இனிமேல் வேலை அதிகம். அந்த இடக்கைக்காரியை மறுபடி பார்த்தால் தன் பேரைச் சொல்லி ஒரு வணக்கம் சொல்லச் சொல்கிறாள் வசந்தி சித்தி.

உன் முன்கால் ஊன்றுகிற இடம் உனக்கே நிலைக்கட்டும், மகளே.

ஒரு சாணும் பின்வாங்காத ஆசைகளுடன்,
உன் அம்மா
த. ராஜேஸ்வரி