தபால் பெட்டிக்கு நேரே ஒரு வெள்ளைக் கோடு

அன்பு மகள் ஜோலீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஒகினாவா விமானப்படைத் தளத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், நாய் டியூக் மட்டும் தொண்டை கட்டிப்போய்க் குரைக்க முடியாமல் இருமிக்கொண்டு திரிகிறான், அதன் காரணம் பின்னால் வரும். மக்காச்சோளம் பாதி அறுத்தாகிவிட்டது, மழை எட்டிப் பார்க்கவில்லை, உன் அம்மா ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி பன் நாலு டஜன் சுட்டு உனக்குப் பார்சல் கட்டினாள், அதில் அரை டஜன் தபாலாபீசுக்குப் போகிற வழியில் காணாமல் போனதற்கு என்னைக் கேட்காதே.

உன் கடிதம் வந்தது. வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவள் இந்தத் தடவை ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "டெரெக் அடக்கத்துக்கு வந்து கத்தினவங்களுக்கு இடம் அளந்து கோடு போட்டுக் குடுத்தது நீங்கதானா அப்பா?" கீழே கையெழுத்துகூட இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் போனும் இல்லை. உன் அம்மா சமையலறையில் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆமாம் கண்ணு, நான்தான். யார் உனக்குச் சொன்னார்களோ அவர்கள் பாதிதான் சொல்லியிருப்பார்கள், மீதியை நான் சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஈராக்கிலிருந்து டெரெக் ஹாவ்லிக்கின் சாவுச் செய்தி வந்த மூன்றாம் நாளே நகர மன்றத்துக்கு ஒரு கடிதமும் வந்தது, எங்கோ வெளி மாநிலத்திலிருந்து. படைவீரர்களின் அடக்கம் எங்கே நடந்தாலும், இது நாட்டுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று எழுதின அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறார்களே, அந்த ஜாதி ஆட்கள். பதினோரு பேர் வருகிறோம், இத்தனை மணிக்கு, சர்ச்சுக்கு முன்னால் என்று மரியாதையாக டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கே மன்றத்தைக் கூட்டினோம். மார்வின் பெஷெக்கை உனக்குத் தெரியுமே, எல்லாவற்றுக்கும் முதலில் மேசையைத் தட்டுகிறவன், அவன் எழுந்து, "வரவே கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்கய்யா, அஞ்சு நிமிஷ வேலை" என்றான். மாவட்டத் தலைநகரிலிருந்து நமக்காக வருகிற வக்கீல் அம்மா மிஸ் ஓல்சன், மெலிந்த உருவம், குரல் மட்டும் இரும்பு. "தீர்மானம் போடலாம் சார், ஆனா செல்லாது. அவங்க என்ன சொல்றாங்கன்றதுல நாம கை வைக்க முடியாது. எங்க நிக்கிறாங்க, எந்த நேரத்துல நிக்கிறாங்க, அதுல மட்டும்தான் வைக்கலாம்" என்றாள். சட்டம் இவ்வளவுதான்: அடக்கத்துக்கு ஒரு மணி முன்னாலிருந்து ஒரு மணி பின்னால் வரைக்கும் சர்ச்சு வாசலுக்கு முந்நூறு அடிக்குள் வரக் கூடாது. அதற்கு வெளியே நின்று எதையும் எழுதிப் பிடிக்கலாம், எதையும் கத்தலாம். ஓர் அடி கூட்டி அளந்தால்கூட அவர்கள் நேராக நீதிபதியிடம் போவார்கள், அவர் அந்த முந்நூறடிக் கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டால் அடுத்த ஊரில் சர்ச்சுப் படியிலேயே வந்து நிற்பார்கள் என்றும் சொன்னாள். மார்வின் மறுபடி மேசையைத் தட்டினான், ஆனால் மெதுவாக.

நம் ஊருக்குத் தெரு, தண்ணீர், பனி தள்ளுவது, பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்துக்குக் கோடு போடுவது எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்தானே. அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது. முந்நூறு அடி என்றால் சரியாக நூறு கஜம், ஒரு ஃபுட்பால் மைதான நீளம். அந்தக் கணக்கு என் வாயிலிருந்து வந்த உடனே அறையில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், சாவுச் செய்தி வந்த வாரத்திலும் இரண்டு பேர் இருமுவதுபோலச் சிரித்தார்கள். உனக்குக் காரணம் தெரியும். மழையில் நனைந்து சுருங்கிப்போன பருத்திக் கயிற்றை நம்பி நான் மைதானத்தை மூன்று கஜம் குறைத்துக் கோடு போட்டு வருஷம் ஏழாகிறது, கடைக்குப் போனால் ஒரு பவுண்டு ஹாம் நிறுக்கிறவன்கூட இன்னும் "லாய்ட், இது முழு பவுண்டுதான், கயித்தால நிறுக்கலை" என்கிறான்.

மறுநாள் மத்தியானம் ரூடி என் ஷெட்டுக்கு வந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ரூடி ஹாவ்லிக், டெரெக்கின் அப்பா. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டங்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பந்தோடு ஓடுகிற பையன் தாண்டுகிற கஜத்தை "இருபது, முப்பது, நாப்பது" என்று ஊரே அதிரக் கத்துகிறவன், அன்றைக்குக் குரலே வரவில்லை. பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தான். "டேய் லாய்ட், அந்தப் பழைய கயிறு இன்னும் வச்சிருக்கியா?" என்று கேட்டான். எனக்குப் புரிந்துபோயிற்று. "அந்தக் கயித்தால அளந்தா அவனுங்க ஒம்பது அடி கிட்டத்துலல்லடா வருவானுங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு கிழடுகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான். நான் எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டான்: "கோட்டை இன்னும் நல்லாத் தள்ளி, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போட்டுடுடா. நீ ஏற்கெனவே ஒருதடவை தப்பா அளந்தவன், இன்னொருதடவை அளந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. பெத்தவ ஜேனிஸ் கண்ணுல அந்த அட்டைங்க படக் கூடாதுடா." ஐம்பது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட உதவி இது ஒன்றுதான். நான் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் விடிந்ததும் டேப்பையும் கோடு போடுகிற வண்டியையும் எடுத்துக்கொண்டு சர்ச்சு வாசலுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போடுவதாகத்தான் போனேன். டேப்பின் நுனியைப் படியில் மாட்டும்போது எனக்கு ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. நம் வீட்டுக் கதவை நீதான் திறந்தாய், தலையில் ஈரத் துண்டோடு. டெரெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், பதினேழு வயசு, காதெல்லாம் சிவந்துபோய். "மிஸ்டர் கூச்சரா, வெளியில சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன். மைதானம் மூணு கஜம் கம்மியா இருக்கு. மூணு தடவை அளந்துட்டேன்" என்றான். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் பந்தோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி நூறு கஜம் என்று பள்ளிக்கூடச் சாதனைப் பலகையில் அவன் பேர் எழுதியிருந்தார்கள், அவன் அப்பாதான் மைக்கில் தொண்டை கிழியக் கத்தியிருந்தான். அதை அவனே போய்த் தொண்ணூற்றேழு என்று மாற்றச் சொன்னான். பழைய சாதனை தொண்ணூற்றெட்டு, அதனால் பேரையே எடுத்துவிட்டார்கள். "ஓடாத தூரத்தை எப்படி சார் வச்சுக்கறது" என்று சிரித்தானாம். அந்தப் பையனின் அடக்கத்துக்கு நான் பொய்யாக அளப்பதா? என்னால் முடியவில்லை, ஜோலீன். அந்த அட்டைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு துளி அன்பும் கிடையாது, அவர்கள் வண்டி பஞ்சராகிக் குளிரில் நிற்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டவன் நான். ஆனால் மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் முந்நூறு அடி வந்து விழுந்த இடம் எது தெரியுமா, நம் வீட்டு வாசல் தபால் பெட்டிக்கு நேரே. போட்டேன் கோட்டை.

ரூடி தன் பிக்கப்பில் அந்த வழியாக வந்தான், கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நிறுத்தாமல் போய்விட்டான். உன் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு முன்னாலயா வந்து நிக்கப் போறாங்க? அப்ப புல்லுக்குத் தண்ணி விட்டு நாளாச்சு, அன்னைக்கு ஸ்ப்ரிங்ளரைத் திறந்து விடவா?" என்றாள். மிஸ் ஓல்சனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கூடாதாம். நாய் குரைத்தால்? நாயை யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம். டியூக்கின் தொண்டை போன கதை இதுதான், அவன் தன் பேச்சுரிமையை இரண்டு மணி நேரம் இடைவிடாமல் பயன்படுத்தினான்.

அடக்கத்தன்று காலையில் அவர்கள் வந்தார்கள். அட்டைகளில் இருந்ததை நான் எழுத மாட்டேன், கடவுள் பேரும் அந்தப் பையன் செத்தது நல்லது என்பதும் ஒரே வரியில் இருந்தன, அவ்வளவு போதும். ஒருத்தி தடை நேரம் தொடங்குமுன்னே சொந்தமாக டேப் கொண்டுவந்து என் கோட்டிலிருந்து சர்ச்சு வாசல் வரைக்கும் அளந்து பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கு. கோடும் நேரா இருக்கு" என்றாள். ஏழு வருஷத்தில் என் கோட்டைப் பாராட்டிய முதல் வாய் அதுவாகவா இருக்க வேண்டும்?

நம் ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அட்டைகள் சர்ச்சு வாசலுக்குத் தெரியக் கூடாது என்று அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு அறுப்பு மிஷின்களையெல்லாம் ஓட்டிவந்து, கோட்டிலிருந்து சர்ச்சு வரைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள், நடுவில் சவ வண்டி போக மட்டும் வழி விட்டு. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. எல்லோரும் மிஷினின் முன்பக்கத்துக் கதிர் வெட்டும் தலையைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள், மார்வினைத் தவிர. அவன் இருபதடி அகலத் தலையோடு கடைசியாக வந்து நடுவழியில் நுழைந்தான், வழியை முழுக்க மறித்தபடி அங்கேயே மிஷின் அணைந்துபோய் அப்புறம் கிளம்பவே இல்லை. பின் சந்திலோ ஊரின் பிக்கப் வண்டிகள் மொத்தமும் அடைத்திருந்தன. சவ வண்டி வந்தது, நின்றது. எங்கே நின்றது என்று நினைக்கிறாய்? அந்தப் பதினோரு பேருக்கும் பக்கத்தில், என் கோட்டின் மேல். எவர் கண்ணில் எது படக் கூடாது என்று ஊரே பாடுபட்டதோ அது ஜேனிஸின் மூக்குக்கு முன்னால். மார்வின் மிஷினின் மேல் உட்கார்ந்து சாவியைத் திருகித் திருகி அழுதான். நான் பூமி பிளக்காதா என்று நின்றேன்.

சவப்பெட்டிக்குத் துணையாக வந்த படைக்காரர்கள் ஆறு பேர். அவர்களின் சார்ஜென்ட் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூக்கிட்டே போயிடறோம். எவ்வளவு தூரம் இருக்கும் சார்?" என்று பொதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்குலம் தவறாமல் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான். "முந்நூறு அடி. சரியா நூறு கஜம்" என்றேன். ரூடி காரிலிருந்து இறங்கியவன் அப்படியே நின்றான். நாலு நாளாக என் முகத்தைப் பார்க்காதவன் பார்த்தான். "நிச்சயமா?" என்றான். "மூணு தடவை அளந்துட்டேன்டா" என்றேன்.

பெட்டி கோட்டைத் தாண்டியது. அந்த ஆட்கள் வாயை மூடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் கத்தினார்கள். ஜேனிஸ் ஒரு பக்கம், ரூடி ஒரு பக்கம், நாங்கள் பின்னால், மிஷின்களுக்கு ஓரமாக நடைபாதையில் போனோம். பாதி தூரத்தில்தான் கவனித்தேன், ரூடி எட்டுக்கு ஒரு கஜமாக எண்ணிக்கொண்டு வருகிறான். "நாப்பது... அம்பது..." குரல் வரவில்லை என்று சொன்னேனே, எங்கிருந்தோ வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக் குரல். "அறுபது! எழுபது!" பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், எண்பதில் ஊர் முழுக்கச் சொல்லியது, பின்னால் அவர்கள் கத்துவது எங்கள் காதில் விழவில்லை. "தொண்ணூத்தி ஏழு" என்றதும் ரூடிக்கு வாய் நின்றுபோயிற்று. ஜேனிஸ்தான் அவன் கையைப் பிடித்து, "சொல்லு ரூடி, இன்னும் மூணு இருக்கு" என்றாள். சொன்னான். நூறாவது கஜத்தில் சார்ஜென்டின் கால் சர்ச்சுப் படியைத் தொட்டது.

பள்ளிக்கூடச் சாதனைப் பலகையில் டெரெக் பேரை மறுபடி எழுதப் போவதில்லை, ரூடியே வேண்டாம் என்றுவிட்டான், பையனுக்குப் பிடிக்காது என்று. நேற்று ஷெட்டுக்கு வந்து அதே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து என் காபியைக் குடித்துவிட்டு, காபி கண்றாவி என்று திட்டிவிட்டுப் போனான். எனக்கு அது போதும். மார்வின் மிஷினை மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்தோம், பெட்ரோல் ஊற்ற வேண்டிய வண்டியில் டீசல், டீசல் வண்டியில் பெட்ரோல் என்று ஏதோ செய்திருக்கிறான், அந்தக் கதையை உன் அம்மா தனியாக எழுதுவாள்.

இவ்வளவுதான் மகளே. கோபம் இன்னும் இருந்தால் இருக்கட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, என்னோடு பேசாவிட்டால் அம்மாவோடு பேசு. பார்சலில் குளிர்காலக் காலுறை வைத்திருக்கிறேன், அதைப் போடு. வேலை செய்கிற விமானத்தின் கீழே போகும்போது தலைக்கவசத்தை மறக்காதே. கடவுள் உன்னை ஒரு கீறல் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் சிநேகிதிகளையும் சேர்த்து.

அந்தக் கோடு பத்து நாளில் போய்விடும் என்று எல்லோரிடமும் சொன்னேன், போகிற வழியாக இல்லை, நல்ல பெயின்டாகப் போட்டுத் தொலைத்துவிட்டேன். மார்ச்சில் நீ லீவுக்கு வரும்போதும் இருக்கும். தண்டவாளப் பக்கம் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கிருந்து நடந்து வா, நான் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். அந்தக் கோட்டை நீ உன் சொந்தக் காலால் தாண்டுவதை நான் பார்க்க வேண்டும். 

என்றும் உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
லாய்ட் கூச்சரா