அப்பாவின் மீசையும் ஒரு பெருக்கலும்

வார்ஸா, மார்ச் 1931

அன்பு மகன் விடோல்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறையில்லை, அந்தப் பிரேசில் வெயிலில் நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய காப்பிக்கொட்டை வந்து சேர்ந்தது, வறுத்த வாசனைக்கு மாடி வீட்டுக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். இனிச் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. உன் அப்பா மீசையை எடுத்துவிட்டார். ஆமாம், கல்யாணத்துக்குக்கூட எடுக்க மாட்டேன் என்று என் அம்மாவிடம் சண்டை பிடித்த அதே மீசை.

கணக்கு என்றாலே கூட்டல்தான், மற்றதெல்லாம் அது போட்ட வேஷம் என்று அவர் பள்ளிக்கூடத்தில் அடித்துப் பேசுவதும், கூட வேலை பார்க்கும் ஸெனோன் இல்லவே இல்லை என்று மல்லுக்கு நிற்பதும் உனக்குத் தெரியாததா. தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும் என்று பந்தயமே கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸெனோன் சாப்பிட வந்தார். அப்பா வழக்கம்போல, ஏழு என்ற எண்ணை மூன்றால் பெருக்குவது அதை மூன்று தடவை கூட்டுவதுதானே என்று சிரித்தார். ஸெனோன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு தடவைன்னு தெரிஞ்சா கூட்டிடுவ இக்னாசி, ஒத்துக்கறேன். எத்தனை தடவைங்கறதே தெரியாத எண்ணா இருந்தா? எங்க நிறுத்துவ?" என்றார். அப்பா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரமாக அடுக்கினார். கோழி சூப் ஆறி ஏடு கட்டிவிட்டது. இந்த மனிதர் பேச்சற்று உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஆகிவிட்டது. ஸெனோனே பயந்துபோய், பந்தயமெல்லாம் சும்மா விளையாட்டுக்குத்தானே என்று கெஞ்சினார். அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய்ச் சவரக்கத்தியோடு கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார்.

ஸெனோன் போன பிறகு மீசையில்லாத அப்பா முகத்தைப் பார்த்தால் யாரோ அந்நியர் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. தேற்றத்தான் நான் வாயைத் திறந்தேன். நீ கப்பல் ஏறியதிலிருந்து நான் அழும்போதெல்லாம், இந்த வருஷத்தோடு அடுத்த வருஷத்தைக் கூட்டு, பிள்ளை வந்துவிடுவான், இது வெறும் கூட்டல்தான் என்பாரே, அதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். "எத்தனை வருஷம்னு அவன் சொல்லவே இல்லையே, ப்ரோனியா" என்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இத்தனை நாளும் அழுகை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், விடோல்ட்.

தொப்பி இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும். பதிலில் வேறு எதை எழுத மறந்தாலும் ஒரே ஒரு எண்ணை எழுது. பெரிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் கூட்டிக்கொள்கிறோம்.

உன் அம்மா,
ப்ரோனிஸ்லாவா