‘ஒரு விஷயம்’ என்றதும் அணைகிற லேப்டாப்

பிப்ரவரி 9, ஞாயிறு

லேப்டாப் இன்றும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது ஞாயிறு.

வழக்கம்போல அண்ணன் வீடியோவில் வந்தான். வழக்கம்போலப் பல்வலி, வழக்கம்போல அவன் வீட்டுக் குளியலறைக் குழாய். பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டு, “அம்மா, பாப்பா, ஒரு விஷயம் சொல்லணும்” என்றான். திரை கறுத்தது. எச்சரிக்கை கிடையாது, முனகல் கிடையாது. விளக்கை அணைத்த மாதிரி.

(எனக்கு வயது நாற்பத்தெட்டு. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.)

மறுபடி உயிர் வருவதற்குள் அம்மா எழுந்து போய்விட்டாள். போனில் கூப்பிட்டேன். “பரவாயில்லை, அடுத்த வாரம் சொல்றேன்” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அம்மா: “மூக்கைச் சொறிஞ்சான்னா எதுக்கோ அடி போடறான்னு அர்த்தம்.”

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று வைத்த சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தேன், வேலை நடுவிலும் ஒரு தடவை அணைந்தது. கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது என் பிழைப்பு. இன்று ஏதோ ஒரு சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம். பொருளாளர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார் — போச்சு.

இணையத்தில் தேடினேன். எனக்கு இருக்கும் அதே சிக்கலை, அதே மாடலில், ஒருவர் நான்கு வருடம் முன்பு எழுதியிருக்கிறார். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் அவரே, “சரியாயிடுச்சு, எல்லாருக்கும் நன்றி” என்று எழுதியிருக்கிறார். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. நன்றாக இருக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

ரிப்பேர் கடை.

“எத்தனை வருஷம் ஆச்சு?”

“ஒன்பது.”

கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தலையசைத்தார். “புதுசு வாங்கிடுங்க.”

இல்லை, இதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்றேன். கண்ணாடி மேசைமேல் வைத்து நாள் முழுக்க ஓடவிட்டார். ஒரு தும்மல்கூட இல்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நானும் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் ரேம் பழசாகிவிட்டது, அதுவாகத்தான் இருக்கும் என்று மாற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புது ரேம். புது நம்பிக்கை.

லேப்டாப்பை வழக்கம்போலச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். என் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அம்மாவுக்கு இடம் கிடையாது. போனிலேயே வீடியோ பேசலாம்தான். பேசிப் பார்த்தோம். அம்மா எந்தப் போனைக் கொடுத்தாலும் காதில்தான் வைப்பாள். அண்ணன் பத்து நிமிடம் அவள் காதுக்குள்ளே பார்த்துப் பேசிவிட்டு, இனிமேல் பெரிய திரைதான் என்று சொல்லிவிட்டான்.

பல் பிடுங்கியாகிவிட்டது. குழாய் இன்னும் ஒழுகுகிறது. இந்த முறை லேப்டாப் கொஞ்சம் கூடுதலாகவே தாக்குப்பிடித்தது. ஆனால் அண்ணனும் கூடுதலாகவே சுற்றி வளைத்தான். “ஒரு விஷயம்…” — கறுப்பு.

போனில் கேட்டான்: “அது எப்படிப் பாப்பா, நான் வாயைத் திறக்கும்போது மட்டும் ஆஃப் ஆகுது?”

“நீ விஷயத்துக்கு வர எடுத்துக்கற நேரமும் அதுக்குச் சூடேற எடுத்துக்கற நேரமும் ஒண்ணா இருக்கு போல” என்று விளையாட்டாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும்.

போன தடவை இங்கே வந்தபோதே சொன்னான்: “அம்மா என்கூடவும் கொஞ்ச நாள் இருக்கலாமே.” அண்ணி தவறிப்போய் ஆறு வருஷம். வீடு பெரிசு, ஆள் ஒருத்தன். ஒரு அறை சும்மா கிடக்கிறது. நியாயம்தான். அதுதான் பிரச்சினை, அநியாயமாக இருந்தால் சண்டை போடலாம்.

அம்மா போய்விட்டால்? காலையில் நான் எழுவதற்கு முன்னாலேயே ஸ்டூலை இழுக்கிற சத்தம், ரேடியோவுக்குப் பதில் சொல்கிற சத்தம், “இந்தக் கதவை யாரு திறந்து வச்சது” — இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர் — எல்லாம் போகும். நாள் முழுக்கக் காதில் யார் யாரோ பேசுகிறார்கள். ஹெட்போனைக் கழற்றினால் அம்மா மட்டும்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸை அடியிலிருந்து மறுபடி ஏற்றினேன்.

“என்னடி பண்றே காலையிலேர்ந்து?”

“எல்லாத்தையும் அழிக்கறேன்ம்மா.”

“எங்க கல்யாண போட்டோ?”

“அதைத் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“உங்கப்பா பக்கத்துல நிக்கறாளே உங்க அத்தை, அவளை அழிக்க முடியுமா?”

பிப்ரவரி 23, ஞாயிறு

அணைந்தது. அழித்து ஏற்றிய அழகு.

இன்று அவன்தான் போன் செய்தான். எனக்கு ஏற்கெனவே எரிச்சல். நினைவிருக்கிறபடி அப்படியே எழுதுகிறேன்:

“பாப்பா, நான் என்ன சொல்ல வரேன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் கட் பண்றே. இல்லையா?”

“நான் கட் பண்ணலை. ஆனா தெரியும்.”

“யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? எனக்குப் புரியாதா?”

“சரி. நீ என்ன நினைக்கறே?”

“எனக்கு இஷ்டமில்லை. இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? அங்க வந்து ஒத்துக்குமா? ரெண்டு பேருக்குமே கஷ்டம்தான்.”

“அம்மாவும் அப்படித்தான் நினைக்கறாங்களா?”

“அம்மாகிட்ட நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன்.”

“சரி பாப்பா.”

இந்தத் தடவை லேப்டாப் இல்லை. அவன்தான் வைத்தான்.

சரியாகத்தானே சொன்னேன்? பிறகு ஏன் போனை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 2, ஞாயிறு

அண்ணன் வரவில்லை. லேப்டாப் என் அறையில் நாள் முழுக்க அருமையாக ஓடியது.

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் வரவில்லை. அம்மா தலைவாரிக்கொண்டு அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டால், “சும்மா உக்காந்திருக்கேன்” என்கிறாள். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. பிற்பாடு ஒரு செய்தி: “வேலை இருக்கு.” ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

அம்மா எதுவும் கேட்கவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

அடுப்படியிலிருந்து அம்மா அடிக்கடி ஏதோ கேட்க, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து வேலை செய்தேன். அணைந்தது. கோபத்தில் தூக்கினேன் — கை சுட்டுவிட்டது. அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கிறது.

அப்போதுதான் பார்த்தேன். மேசைமேல் அம்மா விரித்திருக்கிற துணி. கம்பளி மாதிரி தடிமன், ஓரத்தில் குஞ்சம். லேப்டாப்பின் மூச்சுத் துவாரங்கள் எல்லாம் அடியில். ரிப்பேர் கடையில் கண்ணாடி மேசை. என் அறையில் வெறும் மரம். ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரு திங்களும் மட்டும் துணி. அதிலும் வீடியோ என்றால் அதற்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும்.

ஒரு மாதமாகத் தலையணையை முகத்தில் வைத்து அமுக்கிவிட்டு, ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“துணி நான்தான் போட்டேன். மேசை கீறிடும்ல” என்றாள் அம்மா. மேசைக்கு ஒரு கீறல்கூட இல்லை, உண்மை.

துணியை எடுத்துவிட்டு வீடியோ ஓடவிட்டேன். நேரம் கழித்துத்தான் அணைந்தது. ஆனால் அணைந்தது. அப்படியானால் உள்ளேயும் ஏதோ இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பிரித்தேன்.

உள்ளே ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் போர்வை இருந்தது. ஒன்பது வருடத் தூசி, என் தலைமுடி, அந்தக் குஞ்சத்தின் நூல். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வருகிறது. சிப் மேலே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கிற பசை காய்ந்து, மூடி போடாத பற்பசை மாதிரி உதிர்ந்தது. துடைத்துப் புதுப் பசை தடவினேன்.

பசை வாங்கப் போனபோது கடைக்காரர், “நீங்களேவா பிரிச்சீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “அப்போ கண்டிப்பா புதுசு வாங்க வருவீங்க” என்றார்.

மூடியதும் ஒரு திருகாணி மிச்சம். எந்த இடத்துடையது என்று தெரியவில்லை. ஓடுகிறது.

மார்ச் 14, வெள்ளி

நாள் முழுக்கப் படம் ஓடவிட்டேன். துணி இல்லாத மேசையில், ஃபேன் மெல்ல இரைய, ஜம்மென்று ஓடுகிறது.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் — எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள் — ஒவ்வொரு ஞாயிறும் திரை கறுத்தபோது எனக்கு உள்ளுக்குள் ‘அப்பாடா’ என்றிருந்தது. இனி அப்படிக் கறுக்காது. அவன் கேட்பான். அம்மா சரி என்பாள்.

கேட்கட்டும். அம்மா என் சொத்தா?

மார்ச் 16, ஞாயிறு

காலையில் செய்தி அனுப்பினேன்: “லேப்டாப் சரியாயிடுச்சு. வா. நீ சொல்ல வந்ததை முழுசாச் சொல்லு. குறுக்கே பேசமாட்டேன்.”

வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. குழாயைப் பற்றி ஆரம்பித்தான். அணைகிற நேரம் வந்தது. பேச்சை நிறுத்தினான். நானும் அம்மாவும் அவனைப் பார்க்கிறோம், அவன் எங்களைப் பார்க்கிறான். மூன்று பேரும் திரை கறுக்கக் காத்திருக்கிறோம். கறுக்கவில்லை.

“சொல்லுண்ணா.”

“நீதான் இஷ்டமில்லைன்னுட்டியே.”

“ஆமாம், சொன்னேன். இப்ப யோசிச்சுப் பார்த்தேன். அம்மாவுக்குச் சம்மதம்னா அழைச்சுக்கிட்டுப் போ. நான் தடுக்கலை.”

“அம்மாவையா? எங்க?”

“உன் வீட்டுக்கு.”

“அம்மா எதுக்கு என் வீட்டுக்கு?”

“அப்போ நீ எதைச் சொல்ல வந்தே?”

அண்ணனுக்கு ஐம்பத்தி நாலு வயது. காது மடல் சிவந்தது. “நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்” என்று மேசையைப் பார்த்துச் சொன்னான்.

நான் போனில் சொன்னதெல்லாம் வரி வரியாக ஞாபகம் வந்தது. இந்த வயசுல எதுக்கு இதெல்லாம். ரெண்டு பேருக்குமே கஷ்டம்தான். ஐயோ. கடவுளே. அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பிழைக்கிறவள் நான்!

அம்மா மட்டும் அசரவில்லை. திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், “அந்தப் பொண்ணு எத்தனை வாரமா ஓரத்துல உக்காந்திருக்கு? கால் மரத்துப்போயிருக்கும். நடுவுல வந்து உக்காரச் சொல்லு” என்றாள்.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“முழங்கை தெரிஞ்சுது. உங்கண்ணனுக்கு ஏது மூணாவது கை?”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். நீ எங்க என்னைக் கேட்டே? ரேம் ரேம்னு ஓடிக்கிட்டிருந்தே.”

அவர் நடுவில் வந்து உட்கார்ந்தார். நூலகத்தில் வேலையாம். நரை, மூக்குக்கண்ணாடி, பயந்த சிரிப்பு. “வணக்கம்மா. என்னைப் பார்த்துத்தான் உங்க லேப்டாப் ஆஃப் ஆகுதுன்னு நினைச்சுட்டேன்” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரிடமும், தனித்தனியாக. அண்ணன் “விடு, விடு” என்றான். அவர் விடவில்லை. “மூணு வாரமா இவர் ஒழுங்காச் சாப்பிடலை” என்றார், கோபமே இல்லாமல். அதுதான் இன்னும் சுட்டது.

பிறகு பேசினோம், பேசினோம். குழாய் ஏன் இன்னும் ஒழுகுகிறது என்றால், அண்ணன் அதைத் தானே சரிசெய்கிறானாம்.

மார்ச் 17, திங்கள்

அம்மா காலையிலிருந்து போனை வைக்கவில்லை. சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லை. எல்லோரிடமும், “பாப்பாதான் பேசி முடிச்சா” என்கிறாள்.

ஏப்ரல் 26, சனி

அண்ணன் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். கையெழுத்துப் போடும் நேரத்தில் அங்கிருந்த கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொடவே இல்லை.

அண்ணி என்று கூப்பிட்டேன். முதல் தடவை நாக்கு கொஞ்சம் தயங்கியது. இரண்டாவது தடவை அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், சரியாகிவிட்டது.

ஏப்ரல் 28, திங்கள்

கிளம்ப வேண்டிய நாள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, “நான் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேனே. இந்தப் பொண்ணு நல்லாப் பேசுது” என்றாள்.

யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

“இரும்மா” என்றேன். அவள் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, அந்தச் சும்மா கிடந்த அறையின் அலமாரியில் அடுக்கினேன். மாத்திரை எந்த வேளைக்கு எது என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ரயிலில் பக்கத்து இருக்கை காலி. பையை வைத்துக்கொண்டேன்.

மே 3, சனி

வீடு சுத்தமாக இருக்கிறது. யாரும் எந்தக் கதவையும் திறந்து வைக்கவில்லை.

மே 11, ஞாயிறு

மத்தியானம் வீடியோ. பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. ஆனால் யாரும் அணைக்கவில்லை. அண்ணி அடுப்படிக்குப் போனார். அம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள், தலை ஒரு பக்கம் சாய்ந்து. அண்ணன் பேப்பர் படித்தான். நான் இந்தப் பக்கம் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய கூட்டத்தைத் தட்ட ஆரம்பித்தேன். அங்கே பாத்திரச் சத்தம், இங்கே தட்டுகிற சத்தம்.

ரொம்ப நேரம் அப்படியே போனது. அண்ணன் பேப்பரைத் திருப்பும்போது, தலை நிமிராமல், “பாப்பா, இருக்கியா?” என்றான்.

“இருக்கேன்” என்றேன்.