தாயா, கன்றா

1958 ஆகஸ்ட் 12, செவ்வாய்
காஜா பேராங்

சிவப்பி இன்று மத்தியானம் செத்துப்போனாள். எங்கள் கொட்டகையில் காளைக்கு விடாமல், ஊசி போட்டுச் சினையான முதல் பசு அவள்தான். வயிற்றில் இருந்தது வெள்ளைக்காரச் சாதிக் காளையின் கன்று. அவளோ சின்ன நாட்டு மாடு. காலையிலிருந்து முக்கியும் கன்று வெளியே வரவில்லை.

மாட்டு டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "ரெண்டுல ஒண்ணுதான் பொழைக்கும். தாய் வேணுமா, கன்னு வேணுமா?"

"கன்னுதாங்க டாக்டர்" என்றார் இவர். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. இத்தனை வருடம் அவள் பாலை விற்றுத்தான் சாப்பிட்டோம். நான் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கிழிக்கப்போகிறோம் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எடுத்தது காளைக்கன்று. பால் விற்கிறவர்களுக்கு அதனால் என்ன பயன்?

எனக்கு இது ஒன்பதாம் மாதம். சாப்பிடும்போது இவர் கேட்டார்: "புள்ள அசையுதா?"

"அசையுது. தலை பெருசா இருக்குன்னு மருத்துவச்சி சொன்னாங்க."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நாளைக்கே புக்கிட் காதிலில் இருக்கும் என் அம்மாவுக்கு ஆள் அனுப்பி வரவழைக்க வேண்டும். பிரசவ அறை வாசலில் அம்மா நிற்கட்டும். யாராவது வெளியே வந்து கேட்டால், அம்மா பதில் சொல்லட்டும்.