பாயில் கிடந்த பம்பு

டொடோமா, தான்சானியா
18.8.1996

அன்புக்கரசி அம்மணிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். அங்கே நம் ஊர் கணபதியில் நீயும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. இங்கே ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம் சேர்ந்து, கோழி விற்ற காசில் எங்கள் கம்பெனி அடிபம்பு வாங்கியிருந்தார்கள். தக்காளி போட்டுச் சந்தைக்கு அனுப்பத் தண்ணீர் வேண்டுமாம். நான்தான் போய் மாட்டிக் கொடுத்தேன். தண்ணீரும் வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால், பம்பு மொத்தமும் கழற்றிய நிலையில் பாயில் கிடக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது.

சங்கத் தலைவி நேமா அக்கா சிரித்தார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: “நீங்க ஊருக்குப் போனதுக்கப்புறம் இது கெட்டா யாருங்க வருவாங்க? அதானுங்க பிரிச்சுப்போட்டோம். நாங்களே மாட்டறோம். தப்புப் பண்ணினா மட்டும் சொல்லுங்க.”

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கொட்டியது.

நம் வீட்டு அடிபம்பில் தண்ணீர் ஏறவில்லை, நான் வந்துதான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். காத்திருக்காதே. கட்டிலுக்கடியில் ஸ்பேனர் இருக்கிறது. நீயே பிரித்துத் தோல் வாஷரை மாற்று.

யாராவது இங்கே வந்தால் சாம்பார்ப் பொடி கொடுத்தனுப்பு. கடையில் வாங்காதே, நீ வறுத்து அரைத்ததாக இருக்கட்டும்.

ஜீப் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்துவிடாதே, அம்மணி. டேபிள் ஃபேன் கிறீச்சிடுகிறது என்றாயே, அது மட்டும் அப்படியே இருக்கட்டும். நான் வந்து பார்க்கிறேன்.

உன்,
ஜெரோம்