எடுக்காமல் விட்ட ஷாட்

நவம்பர் 4, 2025. செவ்வாய்

ஆடிட் முடிந்தது. நான்கு குறைகள், நான்கும் அற்பம். பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் எழுதிய காகிதத்தில் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் சரியாக வருகிறது. வேறு புகார் இல்லை.

மாலையில் குருமூர்த்தி சார் போன். ஓசூர் திரைப்பட வட்டத்தின் தலைவர். பிளான்ட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லோரையும் ஷிப்டுக்குக் கூப்பிடும் குரலில்தான் பேசுவார். இயக்குநர் சௌந்தரராஜன் இருபத்து மூன்றாம் தேதி ஓசூர் வருகிறாராம். வாழ்நாள் சாதனை விருது. விழா மலருக்கு நான் எழுத வேண்டும்.

"அந்த மூணு ஹிட்டப் பத்தி எழுத ஊரே இருக்குது மேகலா. நீ யாரும் கண்டுக்காம விட்ட படங்கள எழுது. உன் எம்.ஃபில்லே அவருதானே?"

ஆமாம். 'சௌந்தரராஜன் படங்களில் பெண்கள்', 2003. மறுக்கச் சோம்பலாக இருந்தது. சரி என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

அந்த ஹிட் படங்களில் ஒன்றை மறுபடி பார்த்தேன். சகிக்கவில்லை. மழை, அம்மா, சபதம், மறுபடி மழை. இதற்குத்தான் தேசிய விருது.

கவனிக்காமல் விடப்பட்டவை மூன்று. 'கூலிக்கு ஒரு கிணறு': தயாரிப்பாளர் நுழைத்த நகைச்சுவையை வெட்டினால் உள்ளே ஒரு மணி நேரத்துக்கு நல்ல படம் இருக்கிறது. 'இரண்டாம் ஷிப்டு': நூல் மில் பெண்கள், பாட்டே கிடையாது, நான்கு நாள் ஓடியது. மூன்றாவது 'மலைக்கு அந்தப் பக்கம்', 2001. அஞ்செட்டிக்கு அருகே நாட்றாம்பாளையம் என்ற மலைக் கிராமத்தில் எடுத்தது. அவருடைய படங்களிலேயே உயர்ந்தது இதுதான் என்று இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன்.

அதில் ஒரு சாவு வீடு. நான்கு நிமிடம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். வாசலில் ஒரு கூலிக்காரன் பிணமாகக் கிடக்கிறான். நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அவன் இமைமேல் ஒரு ஈ வந்து உட்காருகிறது. பக்கத்தில் ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். இருவரும் அந்த ஊர்க்காரர்கள். டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது.

ஆய்வேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நடிப்பு தன்னை மறந்துவிட்ட தருணம் இது, அந்த ஈ, சினிமாவுக்கு இயற்கை அளித்த கொடை." இருபத்தைந்து வயதில் எழுதியது. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

நவம்பர் 8, சனி

குருமூர்த்தி சார் அந்த ஒப்பாரிப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். பெயர் மாரம்மா. இப்போது ஜூஜுவாடியில் இருக்கிறாளாம், ஒரு லாட்ஜில் துப்புரவு வேலை.

"நீ போய்ப் பேசிக் கூட்டிட்டு வா. சாருக்கு சால்வை போடட்டும். அப்படியே மேடையில ரெண்டு வரி ஒப்பாரி. ஹாலே அதிரும்."

விருது விழாவில் ஒப்பாரி. ஆனாலும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தை நேரில் பார்க்க ஆசை. ஆய்வாளரின் ஆசை என்று வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

நெடுஞ்சாலைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரம்மா கன்னடத்தில் "நீரு பந்த்து!" என்று கத்த, எல்லா வாசலிலிருந்தும் குடங்கள் வெளியே வந்தன. மாரம்மா இரண்டு குடத்தை நிரப்பி வைத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினாள். ஐம்பது வயது இருக்கும். திரையில் பார்த்த ஆள் இல்லை. நன்றாகக் குண்டாகியிருக்கிறாள், அதில் எனக்கு ஏமாற்றம்! என்ன பிறவி நான்.

சினிமா என்றதும் முகம் இறுகிப்போனது. மகள் அனுப்ரியா உள்ளிருந்து வந்தாள். செல்போன் கம்பெனி லைனில் வேலை, இருபத்து நான்கு வயது. "சொல்லும்மா. இவங்க பட்ச்சவங்க," என்றாள்.

"பட்ச்சவங்கதான் அன்னிக்கும் வந்தாங்க," என்றாள் மாரம்மா.

பிறகு சொன்னாள். பிணமாகப் படுத்திருந்தது அவள் புருசன் கோவிந்தப்பன். லைட்டு ஸ்டாண்டு தூக்கப் போன ஆளை இயக்குநரே பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"நெசமான புருசன் பொண்டாட்டின்னா அழுக நல்லா வரும்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சுங்க. உசுரோட இருக்கற மனுசனுக்கு யாராச்சும் மாரடிப்பாங்களா? தாலியக் கழட்டித் தட்டுல வெச்சாங்கோ. பத்திரமா இருக்கும்மான்னாங்கோ. இவரு வேற, 'அழுடி, ரெண்டு நாள் கூலி குடுக்கறாங்க'ன்னு படுத்துக்கினே சிரிக்கறாரு."

மறுநாள் ஹீரோ சாகிற காட்சி. கட் சொன்னதும் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். ஹீரோ எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தான். அதையும் படம் பிடித்தார்கள். செத்தவனாக நடித்தவன் சிரித்து முடித்தால்தான் தோஷம் கழியும். சினிமாவில் இது வழக்கம். அந்த ஊருக்கு அதுவரை இது தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானு ஓடுனேங்க. சார், எங்கூட்டுக்காரருக்கும் அது மாதிரி சிரிக்கச் சொல்லி எடுத்துடுங்க, ஒரு பூசணிக்கா ஒடச்சுடுங்கன்னு. தொப்பி போட்டவரு ஒருத்தரு, 'ஃபிலிம் என்ன வெல தெரியுமாம்மா? நாளைக்குப் பாக்கலாம்'னாரு. காத்தால போய்ப் பாத்தா வண்டியே இல்ல."

பதினோரு மாதத்தில் கோவிந்தப்பனுக்கு மஞ்சள்காமாலை. அஞ்செட்டி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அனுப்ரியாவுக்கு அப்போது ஏழு மாதம்.

"நெசமா செத்த அன்னிக்கி எனக்கு ஒரு சொல்லு வர்லீங்க. இருந்ததெல்லாம் அங்கயே பாடித் தீத்துட்டனே. எங்க கொழுந்தன், 'முன்னாடியே அழுது முடிச்சவதானே, எதுக்கு அழுவா?'ன்னு கேட்டான். ஊரே அதத்தான் சொல்லுச்சு. அப்பறம் அந்த ஊர்ல எங்கிருந்து இருக்கறது?"

பூசணிக்காய் யார் உயிரையும் காப்பாற்றாது என்பது எனக்குத் தெரியும். அதை அங்கே சொல்வதற்கு நான் யார்?

கிளம்பும்போது அனுப்ரியா தெருமுனைவரை வந்தாள். "மேடம், எங்கப்பாக்கு ஒரு போட்டோ கூட இல்ல. யூடியூப்ல அந்தப் படந்தான் இருக்குது, அதுவும் ஒரே மங்கல். அதுல கண்ண மூடிக்கினு பொணமா கெடக்கறாரு. அந்த சிரிக்கற ஷாட்ட எடுத்திருந்தா நான் பாத்திருப்பேன்ல?" பிறகு, "உசுரோட இருக்கற மாதிரி வேற எதனா எடுத்து வெச்சிருப்பாங்களா? அவரக் கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்கிறேன் என்றேன். சால்வை பற்றி வாயே திறக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஆய்வேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். 'நடிப்பு தன்னை மறந்துவிட்ட தருணம்.' அவள் நடிக்கவே இல்லையடி, முட்டாளே.

நவம்பர் 13, வியாழன்

கட்டுரையை அனுப்பினேன். மூன்று படங்களையும் பாராட்டித்தான் எழுதியிருக்கிறேன். படங்கள் நல்லவைதான், அதுதானே எரிச்சல். கடைசியில் ஒரு பத்தி மட்டும்: அந்த ஷாட் எப்படி எடுக்கப்பட்டது, ஹீரோவுக்கு என்ன செய்தார்கள், கோவிந்தப்பனுக்கு என்ன செய்யவில்லை. பெயரடை ஒன்றுகூடப் போடவில்லை.

ஒரு மணி நேரத்தில் போன். "மேகலா, இது விழா மலரும்மா. எஃப்.ஐ.ஆர். இல்ல."

"அந்தப் பத்தி வேண்டாமென்றால் கட்டுரையும் வேண்டாம் சார்."

"பாக்கலாம், பாக்கலாம். அந்தம்மா வருதா இல்லியா?"

"வரமாட்டார்."

"நீ சரியாப் பேசியிருக்க மாட்ட."

நவம்பர் 22, சனி

ஹோட்டலில் சௌந்தரராஜனைப் பார்த்தேன். வெள்ளைத் தாடி, நல்ல குரல், எல்லோருக்கும் 'அம்மா', 'தம்பி'. சுற்றிலும் வட்டத்து ஆட்கள் பத்துப் பேர், வாயைப் பிளந்துகொண்டு. என்னைக் காட்டி, "உங்கள வெச்சே எம்.ஃபில் பண்ணவங்க சார்," என்றார் குருமூர்த்தி.

'மலைக்கு அந்தப் பக்கம்' என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அதப் பத்தி யாருமே கேக்கறதில்லம்மா. அந்த ஈ ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"தானா வந்துச்சுன்னு நெனச்சீங்களா? கண்ணு மேல வெல்லத் தண்ணி தடவச் சொன்னேன்! மொத டேக்ல எறும்பு வந்துருச்சு. கடிக்குது, அந்த ஆளு அசையணுமே? நல்ல ஆளு, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். குருமூர்த்தி சார் கைதட்டினார். கையிலிருந்த காபியைக் குடிக்க முடியாமல் கீழே வைத்தேன்.

பூசணிக்காயைப் பற்றிக் கேட்டேன். அதே இனிய குரலில் பதில்: "எனக்கு இந்த மூடநம்பிக்கை எல்லாம் கெடையாதும்மா. ஹீரோ பயந்தான், ப்ரொட்யூசர் பயந்தான், ஒடச்சோம். அந்த ஜனங்க கேக்கலையே."

"கேட்டார்கள் சார்."

"அப்படியா? என் காதுக்கு வரல."

நம்பிக்கை இல்லாதவர் யாருக்கும் உடைக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பயப்படுகிற உரிமைகூட ஹீரோவுக்குத்தான்.

கடைசியாக, வேறு டேக், மிச்ச ஃபிலிம், ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அனுப்ரியாவுக்காக, அவ்வளவு பணிவாக.

"நெகட்டிவா? லேப் மூடுனப்போ எல்லாத்தையும் வெள்ளிக்காக உருக்கிட்டானுங்க. எதுக்கும்மா?"

"அந்த ஆளின் மகள் கேட்கிறாள். அப்பா உயிரோடு இருக்கிற மாதிரி ஒன்றும் அவளிடம் இல்லை."

"அடடா," என்றார். ஒரு நொடி, உண்மையாகவே. பிறகு கண்ணில் அந்த வெளிச்சம் வந்தது. "இது நல்ல கதையா இருக்கே!"

எழுந்துவிட்டேன். கதவருகே குருமூர்த்தி சார் ஒரு பென்டிரைவைக் கையில் திணித்தார். நாளைக்குத் திரையிட 'மலைக்கு அந்தப் பக்கம்' படத்தின் புதுப் பிரதியாம், இயக்குநர் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு பிரின்ட்டிலிருந்து எடுத்தது. "ஓடுதான்னு லேப்டாப்ல பாத்து, காத்தால குடுத்தனுப்பு." ஆவணம் சரிபார்க்கிறவள்தானே. வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் போட்டுப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. யூடியூபில் இருக்கும் சாம்பல் நிறப் பூச்சு இல்லை. கோவிந்தப்பனின் வேட்டிக் கறை தெரிகிறது, விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்த ஷாட்டின் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். ஆறு தடவை.

ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். திருட்டுதான். பென்டிரைவை குருமூர்த்தி சாரின் டிரைவரிடம் கொடுத்தேன். விழாவுக்குப் போகவில்லை.

நவம்பர் 24, திங்கள்

மலர் மேசைமேல் கிடந்தது. கட்டுரை வந்திருக்கிறது. என் பெயர், என் போட்டோ. அந்தப் பத்தி இல்லை. அதன் இடத்தில், "இப்படியொரு மேதை நம்மிடையே வாழ்வது நாம் செய்த பாக்கியம்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், என் கையெழுத்துக்கு மேலே. தூ.

கேன்டீனில் மூன்று பேர் வாழ்த்தினார்கள். வட்டத்திலிருந்து விலகுவதாக இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பதில்: கும்பிடும் கை ஒன்று.

நவம்பர் 30, ஞாயிறு

வரச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். மாரம்மா ஹாலில் உட்கார மாட்டேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருடத்தில் அந்தப் படத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள்.

அனுப்ரியாவிடம் முதலில் சொன்னேன்: வேறு ஷாட் எதுவும் இல்லை, எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்திருப்பாள் போல. "ஆனால் இந்தப் பிரதியைப் பார்," என்று போட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒப்பாரி தொடங்கியதும் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "அந்தச் சத்தத்த நிறுத்துடி," என்று குரல் வந்தது. அனுப்ரியா ஒலியை அணைத்தாள். திரையில் ஒருத்தி சத்தமில்லாமல் மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் போயிருக்கும். அனுப்ரியா சட்டென்று திரைக்கு அருகே குனிந்தாள். நிறுத்தினாள். பின்னால் தள்ளினாள்.

"மேடம்... வயிறு."

"ஆமாம்."

"ஏம்மா! இங்க வா. அப்பா மூச்சு வுடறாரு!"

மாரம்மா ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள். விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு லேசாக ஏறுகிறது. நிற்கிறது. அடக்க முடியாமல் ஒரு தடவை குலுங்கி, மெதுவாக இறங்குகிறது. அவ்வளவுதான். நான்கு நொடி.

"இருமல அடக்குது," என்றாள் மாரம்மா. "பீடி. அசையாத, அசையாதன்னு அத்தினி பேரு கத்துனாங்கோ. ஒருத்தரு சொல்லு கேட்ட மனுசனா அது?"

திட்டத்தான் திட்டினாள். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அனுப்ரியா அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னொருதபா வெய்யி," என்றாள் மாரம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

எத்தனை தபா என்று எண்ணவில்லை. அனுப்ரியாவுக்கு இரண்டு மணி ஷிப்டு. கம்பெனி பஸ் போய்விட்டது. நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது மாரம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் தள்ளுவது எப்படி என்று அவளே கற்றுக்கொண்டிருந்தாள்.